அழகையாவின் மஞ்சள் குழாய்கள்

மடுல்சீமைக்கு மேலே இருக்கிற கல்லோடைத் தோட்டத்தில் முன்பெல்லாம் பொழுது விடிவது சூரியனாலா, மூக்கனாலா என்று கேட்டால் சனங்கள் மூக்கன் பக்கம்தான் பேசுவார்கள். மூக்கன் ஆளில்லை, லொறி. முன்பக்கம் மூக்கு நீண்டு, பச்சைச் சாயம் உரிந்து, எந்தக் காலத்துத் தகரமோ தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த கொழுந்து லொறி. தோட்டத்தார் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையின் கேட்டைத் தாண்டி அது வெளியே வரும்போது ஒரு ஹோர்ன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் எழும்பும், ரொட்டி தட்டுகிற கைகள் அவசரப்படும், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தியவர்கள் வாயில் வெற்றிலையோடு ஓடுவார்கள். இப்போதும் அந்தத் தோட்டத்தில் லொறி ஓடுகிறது, ஹோர்னும் அடிக்கிறது. யார் காதில் வாங்குகிறார்கள்? எல்லார் தலைமாட்டிலும் போன் கிடந்து கத்துகிறது.

மூக்கனை ஓட்டியவர் அழகையா. ஒல்லியான ஆள், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தோள் இரண்டும் அகன்றுவிடும். மேற்கணக்கு மலையிலிருந்து ஸ்டோருக்கு இறங்குகிற பாதை அப்படிப்பட்டது. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கீழே பணிய லயத்துக் கூரைகள். நடுவில் முனி வளைவு. மற்ற டிரைவர்மார் அந்த வளைவில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த்தான் திரும்புவார்கள். அழகையா ஒரே வெட்டில் திருப்புவார். கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வருகிற பெண்கள் அந்த இடத்தில் "ஐயோ முனியா!" என்று ஒரே குரலில் கத்துவார்கள், பிறகு ஒரே குரலில் சிரிப்பார்கள். கொழுந்து லொறியில் ஆள் ஏற்றக்கூடாது என்றுதான் சட்டம். மழையில் அந்தத் தூரம் நடக்கச் சொன்னால் சட்டம் எழுதினவன் நடப்பானா?

இத்தனை கெட்டிக்கார மனுசன் குடித்தார். இதை மூடி மறைத்துப் பிரயோசனமில்லை. சம்பளத்தன்று குடிக்கிறவர்கள் எல்லா லயத்திலும் உண்டு. அழகையா சம்பளத்தன்று குடித்தார், அதற்கு மறுநாள் உடம்பு வலி என்று குடித்தார், மழை பெய்தால் குளிருக்கும் வெயில் அடித்தால் களைப்புக்கும் குடித்தார். வாய் மணக்கிறதே என்று யாராவது கேட்டால் கைவசம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"முனிக்குப் படைச்சேங்க. வாயில வாங்கி டயருக்கு ஊதினேன். மணக்கத்தானே செய்யும்?"

அந்தப் பதிலை லேசில் தள்ளிவிட முடியாது. முனி வளைவில் ஆலமர வேருக்குள் ஒரு கல்லும் ஒரு சூலமும் இருக்கின்றன. புது வண்டி வந்தாலும், என்ஜின் கழற்றிப் பூட்டினாலும், அந்த முனிக்குச் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைப்பது கல்லோடை வழக்கம். படைத்த சாராயத்தில் ஒரு வாய் வாங்கி, ஓட்டப்போகிறவன் தன் வாயாலேயே முன் டயருக்கு ஊத வேண்டும். ஒரு சொட்டும் விழுங்கக்கூடாது. ஊதின வாயை, வண்டி ஸ்டோர் கேட்டுக்குள் போய்ச் சேரும்வரை கழுவவும் கூடாது. இந்த வழக்கத்தைச் சாட்டாகச் சொல்லித்தான் அழகையா வருஷக்கணக்கில் குடித்தார். முனிக்கு வாயிருந்தால் ஏசித் தீர்த்திருக்கும்.

அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி, கொழுந்து எடுப்பதில் கைகாரி. சாயங்காலம் புருசன் வாசல்படி ஏறும்போது கிட்டே வந்து முகத்தை நீட்டி ஒரு தரம் மோந்து பார்ப்பாள். பிறகு திரும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் திட்டியிருந்தால்கூட அழகையாவுக்குத் தேவலை என்றிருக்கும்.

தொண்ணூற்றேழாம் வருஷத் தீபாவளிக்கு முதல் வாரம், நல்ல மழையில், மூக்கன் முனி வளைவைத் தாண்டி, பாதையோரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் சரிந்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்சுவர்ப் பக்கம் போனது யார் செய்த புண்ணியமோ. சாக்குகள் மேலே இருந்த பெண்களுக்குச் சிராய்ப்புத்தான், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி பாக்கியலெட்சுமி. இடது மணிக்கட்டு முறிந்தது. பதுளையில் கட்டுப் போட்டார்கள். கட்டு அவிழ்த்தபோது கை கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. இரண்டு கையாலும் பொரி பொரிப்பதுபோல் கொழுந்து எடுத்தவள், அதற்குப் பிறகு வலது கையை நம்பித்தான் மலைக்குப் போனாள்.

பொலிஸ்காரர்கள் கான் ஓரத்திலேயே அழகையாவைப் பலூன் ஊத வைத்தார்கள். அதுதான் அவர் ஊதிய முதல் பலூன். விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே மஞ்சள் நிறத்தில் மணல் மாதிரி மருந்து, ஒரு நுனியில் பலூன். மறு நுனியை வாயில் வைத்துப் பலூன் நிறையும்வரை ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். அழகையாவின் குழாய் இலைப்பச்சையாக மாறியது. கோர்ட்டில் நின்றுகொண்டு, மனுசன் வெட்கமில்லாமல், "முனிக்குப் படைச்சேங்க, டயருக்கு ஊதினேன்" என்றார். துவிபாசகர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் கோர்ட்டே சிரித்தது. பெஞ்சின் ஓரத்தில் கட்டுப்போட்ட கையோடு இருந்த பாக்கியலெட்சுமி சிரிக்கவில்லை. அழகையா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த கணம்தான் தன் குடி செத்தது என்று பிற்காலத்தில் சொல்லுவார்.

லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போனது. அந்த வருஷம் அழகையா சுரண்டியைத் தூக்கிக்கொண்டு புல்லு வெட்டப் போனார். சாராயத்தைத் தொடவில்லை. அதை யார் நம்பினார்கள்? மாரியம்மன் கோயிலில் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தார். "கோயில்ல நீங்க பண்ணாத சத்தியமா?" என்றாள் பாக்கியலெட்சுமி. சாயங்காலம் வழக்கம்போல் முகத்தை நீட்டி மோந்து பார்த்தாள். மணம் இல்லாத நாளிலும், எங்கேயோ வாயைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் எண்ணினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கொய்யாக் கொழுந்தும் ஏலக்காயும் மென்று வந்து அவளை ஏமாற்றியவர்தானே.

தோட்டங்கள் கம்பெனிக்காரர் கைக்கு மாறியிருந்த காலம் அது. லைசென்ஸ் திரும்பி வந்ததும் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை அழகையாவைக் கூப்பிட்டுவிட்டார். மேற்கணக்குப் பாதையை வேறு எவனும் ஒழுங்காக ஓட்டவில்லை என்பது துரைக்கும் தெரியும். சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார்: கம்பெனி இனி எல்லாத் தோட்டத்து டிரைவர்மாரையும் பலூன் ஊதச் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் இடைக்கிடை ஊதினால் போதும். அழகையா திங்கட்கிழமைதோறும், சம்பளத்துக்கும் திருவிழாவுக்கும் மறுநாளும், ஸ்டோர் கேட்டில் நின்று ஊத வேண்டும். மஞ்சள் என்றால் சாவி. ஒரேயொரு தடவை பச்சை என்றாலும் சுரண்டிதான், பிறகு சாகும்வரை ஸ்டியரிங் இல்லை.

"முனி கதை இங்க வாணாம்," என்று கடைசியாகச் சொன்னார் துரை. கோர்ட்டுக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

ஊத வைக்கிற வேலை தோட்டத்து டிஸ்பென்சரி இரகுநாதன் தலையில் விழுந்தது. சாவகச்சேரிக்காரர். வெயிலென்றாலும் மழையென்றாலும் கையில் குடை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தோட்டத்தில் எல்லாரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் வேண்டாம் என்றதில்லை. முதல் திங்கட்கிழமை குழாயை நீட்டிக்கொண்டு கேட்டில் நின்றவருக்கு அழகையாவைவிட வெட்கமாக இருந்தது.

"நான் மருந்து குடுக்க வந்தனானோ, ஆக்களை ஊத வைக்க வந்தனானோ தெரியேல்லை. சரி, ஊதும் ஐசே."

ஸ்டோர் ஆட்கள், பெரட்டுக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று அரைத் தோட்டமே வேடிக்கை பார்த்தது. "நாதஸ்வரம் ஆரம்பிச்சிருச்சு, மாப்புள எங்கப்பா?" என்று எவனோ கத்தினான். அழகையாவின் காது மடல் சூடேறியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பலூன் நிறைந்தது. குழாய் மஞ்சளாகவே இருந்தது.

டாக்டரய்யா பலூனைக் கழற்றிவிட்டுக் குழாயை எறியப் போனார்.

"அதத் தாங்கய்யா."

"உது என்னத்துக்கு உமக்கு?"

"வீட்ல காட்டணுங்கய்யா."

இரகுநாதன் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கைக்குட்டையாலேயே குழாயைத் துடைத்து, இரண்டு நுனியிலும் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் பாக்கியலெட்சுமி முகத்தை நீட்டுவதற்கு முன்னமே அழகையா சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன, எலிக்கு வைக்கிற மருந்தா?"

"பலூன் குழா. குடிச்சிருந்தா பச்சையாயிரும். குடிக்கலன்னா மஞ்ச. பாரு, மஞ்ச."

"கடையில வாங்கியாந்தீங்களா?"

"அடியேய், அரைத் தோட்டம் பாத்துக்கிட்டு நிக்க ஊதிட்டு வாறேன், கடையில வாங்கினேங்குறியே!"

அவள் குழாயைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, மறக்காமல் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. அடுத்த திங்கள் ஒன்று, சம்பளத்துக்கு மறுநாள் ஒன்று, ஆடித் திருவிழாவுக்கு மறுநாள் ஒன்று என்று குழாய்கள் சேர்ந்தன. சாமிப் படத்தடியில் இடம் போதாமல் ஒரு பிஸ்கட் தகரத்துக்கு மாறின. கேட்டில் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் மெல்ல மெல்லக் கரைந்தது. மஞ்சளையே எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பது? டாக்டரய்யாவும் அழகையாவும்தான் மிச்சம். ஊதி முடித்ததும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்த வருஷங்கள் அவை. டாக்டரய்யா தன் வீட்டு முற்றத்து மாமரத்தைப் பற்றியே பேசுவார். அழகையா லொறிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பார். அந்த மாம்பழத்தின் ருசி கல்லோடையில் அழகையா ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் காது வழியாக.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். மேற்கணக்கில் டயர் வெடித்து, அதை மாற்றிவிட்டு அலுத்துப்போய் வந்த அழகையா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தார். பாக்கியலெட்சுமி தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னிக்கித் திங்கக்கெழமையாச்சே, எங்க?"

அழகையாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவளாகக் கேட்கிறாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அவள் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை, நேராகத் தகரத்துக்குள் போட்டாள். அதற்குப் பிறகு எப்போதோ, எந்த நாள் என்று இருவருக்குமே தெரியாது, அவள் மோந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த வருஷங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அழகையாவின் குரலே மாறிவிடும். பனி விழுகிற காலையில் மூக்கனின் மூக்கைத் துடைத்துவிடுவது, மேற்கணக்கு மட்டத்தில் கொழுந்து நிறுத்து முடிய ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்து ஓடுவது, சாக்குகளின் மேல் பெண்கள், அவர்களுக்கு நடுவில் கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு பாக்கியலெட்சுமி. முனி வளைவு வந்தால் எல்லாரும் "ஐயோ முனியா" என்று கத்துவார்கள். அவள் மட்டும் பின்ஜன்னல் கண்ணாடி வழியாகப் புருசனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழகையா தலைக்கு மேலிருக்கிற சின்னக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்.

இரண்டாயிரத்து ஒன்றில் மூக்கனின் கதை முடிந்தது. கம்பெனி புது லொறி அனுப்புகிறது என்றார்கள். முகம் தட்டையாக, மூக்கே இல்லாத வண்டி. வருவதற்கு முன்னமே லயத்தில் அதற்கு மொட்டையன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பதுளையிலிருந்து கம்பெனி ஆளே ஓட்டிக்கொண்டு வருவார், முனி வளைவில் நிறுத்திப் படையல் முடிந்ததும் ஸ்டோர் கேட்டில் துரை தன் கையால் அழகையாவுக்குச் சாவி கொடுப்பார் என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அழகையா சாப்பிடாமல் தட்டைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"பூசாரி ஊதட்டுமே. இல்லாட்டி கம்பெனி ஆளு ஊதட்டும். நான் தொடமாட்டேன்னு சூடத்துல அடிச்சிருக்கேன்."

"ஓட்டப்போறவருதான் ஊதணும்," என்றாள் பாக்கியலெட்சுமி. "குடிக்கவா சொல்றேன்? ஊதிட்டுத் துப்பப் போறீங்க. நீங்க ஊதலன்னா நான் அந்த வண்டில ஏறமாட்டேன், சொல்லிட்டேன். அன்னிக்குக் கானுக்குள்ள போனது சாராயத்தாலயா, முனியாலயான்னு யாரு கண்டா?"

"சாராயத்தாலதான்," என்றார் அழகையா.

"இருந்தாலும்," என்றாள் அவள். கோணல் கையால் சோற்றுச் சட்டியை அணைத்துக்கொண்டு அவர் தட்டில் இன்னும் ஒரு பிடி வைத்தாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு மறுப்புச் சொல்ல அழகையாவால் முடியாது.

முனி படையலுக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் மட்டும் திரண்டிருந்தார்கள். மொட்டையனுக்கு மாலை, டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். பூசாரி சாராயத்தைக் கல்லின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு கிளாஸில் ஊற்றி நீட்டினார். அழகையா ஒரு வாய் வாங்கினார்.

முதலில் எரிந்தது. பிறகு நாக்கு அதை அடையாளம் கண்டுகொண்டது. இத்தனை வருஷமாக எங்கே போயிருந்தாய் என்று கேட்டது. தொண்டை தானாகத் திறக்கப் பார்த்தது. விழுங்கினால் யாருக்கும் தெரியாது, ஒரு வாய்தானே. கொஞ்ச நேரம், உண்மையில் கொஞ்ச நேரம்தான், அழகையா கன்னம் புடைக்க அப்படியே நின்றார்.

"அண்ணே, முழுங்கிறாதீங்க!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

அழகையா குனிந்து முன் டயருக்கு மொத்தத்தையும் ஊதினார். துண்டால் வாயைத் துடைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. மிச்சச் சாராயத்தை, சுற்றி நின்றவர்கள் குடித்துத் தீர்த்தார்கள்.

துரையின் ஜீப் டிரைவர் தாஸிம் கிட்டே வந்தான். பசறைப் பக்கத்துப் பிள்ளை, வம்பு தும்புக்குப் போகாதவன். "அண்ணே, இன்னைக்கித் திங்கக்கெழமை. வாயக் கொப்புளிச்சிட்டுப் போங்களேன்," என்று காதோடு சொன்னான்.

"ஊதின வாயக் கழுவக்கூடாது தம்பி, வண்டி உள்ள போய்ச் சேரணும். அதோட, அந்தப் பலூனுக்குத் தெரியும்யா, குடிச்சவன் யாரு துப்பினவன் யாருன்னு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன், கண்டுபுடிச்சிருச்சில்ல? இன்னிக்கு உண்மைதானே!"

இதை மனுசன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். முனியை நம்பியதைவிட அழகையா அந்தக் குழாயை நம்பினார்.

வளைவிலிருந்து கேட் கூப்பிடு தூரம். மொட்டையன் முன்னே போக, அழகையா பின்னால் நடந்து வந்தார். துரை புது வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி அவர் விரலில் ஆடியது. கேட்டின் ஓரமாக டாக்டரய்யா குழாயோடு நின்றார். அன்று அவருக்கும் சிரித்த முகம்.

"என்ன அழகையா, புது மாப்பிள்ளை மாதிரி வாறீர். கெதியா ஊதும், துரை பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

அழகையா நெஞ்சு நிறைய மூச்செடுத்து ஊதினார். இதுவரை இப்படி உற்சாகமாக ஊதியதேயில்லை. ஊதி முடித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ளக் கையை நீட்டினார். டாக்டரய்யா குழாயைக் கொடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டார். சிரித்த முகம் செத்துப் போயிருந்தது.

"என்ன ஐசே இது?"

விரல்களைக் கொஞ்சம் திறந்து காட்டினார். பச்சை.

அழகையா குனிந்து பார்த்தார். "நான் குடிக்கலங்கய்யா. முனிக்கு..." என்று ஆரம்பித்தவர், அந்த வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்ன வார்த்தை! இந்த ஒரு தடவைதான் அது உண்மை.

"விளங்குது, விளங்குது," என்றார் டாக்டரய்யா தாழ்ந்த குரலில். "வாய்க்குள்ள பட்டாலும் காணும், இது காட்டிக்குடுத்துப்போடும். வயித்துக்குள்ள போய்ப் பாக்க இதுக்குத் தெரியாது. உதை நான் உமக்கு முந்தியே சொல்லியிருக்க வேணும்." துரை இன்னும் லொறியின் மறுபக்கத்தில்தான் நின்றார். "இஞ்ச பாரும். இன்னொரு குழாய் எடுக்கிறதெண்டால் முதலாவது பழுதெண்டு நான் கையெழுத்து வைக்கவேணும். வைக்கிறன். நீர் போய் வடிவா வாயைக் கொப்புளிச்சுப்போட்டு, கொஞ்சம் ஆறி வாரும். துரையை நான் பேச்சில வச்சிருக்கிறன். குழாய் பழுது. அவ்வளவுதான்."

எவ்வளவு சின்ன விஷயம்! தலையை ஆட்டினால் போதும். மொட்டையனின் மாலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அழகையா வண்டியைப் பார்த்தார். பச்சைக் குழாயைப் பார்த்தார். அவருக்கு வீட்டுப் பிஸ்கட் தகரம் நினைவுக்கு வந்தது.

"அய்யா, இது பழுதுன்னா, எங்க வீட்டுத் தகரத்துல கெடக்குறதெல்லாம் என்னங்கய்யா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நான் குடிக்கிறதில்லன்னு எனக்கு வேற சாட்சி இல்லீங்கய்யா. சூடத்துல அடிச்சேன், நம்பல. வாய் வலிக்கச் சொன்னேன், நம்பல. இத நம்பித்தான் எம்பொஞ்சாதி என்னய மோந்து பாக்குறத விட்டா. இன்னிக்கு இது பொய் சொல்லும்னு ஆயிட்டா, அந்த மஞ்சளும் பொய் சொல்லியிருக்கலாம்னு ஆயிரும். அவளே கேக்கமாட்டா. ஆனா நெனப்பா. இது பொய் சொல்லலய்யா. வாயில சாராயம் இருந்துச்சு, இருக்குன்னு சொல்லுது."

"விசர்க் கதை கதையாதையும்! உம்மட வேலை போகுது!"

"ஆமாங்க," என்றார் அழகையா.

டாக்டரய்யாவின் கையிலிருந்து குழாயை அவரே எடுத்தார். லொறியைச் சுற்றிக்கொண்டு போய்த் துரையின் முன்னால் நீட்டினார். துரை குழாயைப் பார்த்தார், அழகையாவைப் பார்த்தார். முனி கதையை எதிர்பார்த்து நின்றார் போலிருக்கிறது. அழகையா அதைச் சொல்லவே இல்லை. துரை திரும்பி, "தாஸிம்!" என்று கூப்பிட்டுச் சாவியை அவன் கையில் போட்டார். தாஸிம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழகையாவின் முகத்தையே பார்த்தான். "போ தம்பி, வளைவுல ரெண்டாவது கியர்ல போ," என்றார் அழகையா.

துரை வார்த்தை தவறாத ஆள். ஸ்டியரிங் அழகையாவின் கைக்குத் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச காலம் சுரண்டி. பிறகு டாக்டரய்யா சண்டை பிடித்து ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த மாடி ஜன்னலில் நின்றால் முனி வளைவு தெரியும். தாஸிம் ஒழுங்காகத்தான் ஓட்டினான். முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த் திருப்புவான். அழகையா வலது கையால் காற்றில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கொழுந்தைக் கிளறப் போவார். பாதை திறந்ததும் டாக்டரய்யா மாற்றலாகி ஊருக்குப் போனார். மறு வருஷம் பஸ்ஸில் ஆள் மூலம் ஒரு பெட்டி மாம்பழம் வந்து சேர்ந்தது. பாதி அழுகியிருந்தது. மீதிப் பாதியை அழகையா ஒருவருக்கும் கொடுக்காமல் தானும் பாக்கியலெட்சுமியுமாகத் தின்றார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைச் சாயங்காலத்தைச் சொல்லவேண்டும்.

அழகையா பகலெல்லாம் லயத்து அறையான தன் காம்பிராவுக்குள்ளேயே இருந்தார். வெளியே பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது. "பழைய ஆட்டத்த ஆரம்பிச்சிட்டாருப்பா." "முனிக்கு ஊதினாராம்ல, வயித்துக்குள்ளதான் ஊதியிருப்பாரு." படையலில் மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போனவன் எவனோதான் அப்படிச் சொல்லிச் சிரித்தான். மேற்கணக்கு மட்டத்தில் மொட்டையன் போய் நிற்கும்போது தாஸிம்தான் கதவைத் திறந்து இறங்குவான், பாக்கியலெட்சுமி அதைப் பார்த்துத்தான் விஷயத்தை அறிவாள் என்று அழகையாவுக்குத் தெரியும். கூட இருக்கிற பெண்கள் மீதியைச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் மொட்டையனின் ஹோர்ன் வளைவில் கேட்டது. மெல்லிய, பழக்கமில்லாத சத்தம். அவள் அதில் ஏறிவரவில்லை. தலையில் கூடையோடு நடந்து வந்தாள், முழங்கால்வரை சேறு.

அழகையா எழுந்து வாசல்படிக்கு வந்தார். பழைய நாட்களில் நிற்கிற அதே இடத்தில், அவள் மோந்து பார்ப்பதற்கு வசதியாக முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அன்று கட்டாயம் பார்ப்பாள். பார்த்தாலும் குற்றமில்லை.

பாக்கியலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்தாள்.

"எங்க?" என்றாள்.

அழகையா குழாயை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள். குழாய்க்குள் அந்த நிறத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"முழுங்கிரலாம்னு தோணிச்சு பாக்கியம். சத்தியமா தோணிச்சு. ஆனா துப்பிட்டேன்." அழகையா முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். "வா, மோந்து பாத்துக்க."

"எதுக்கு?"

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். கோணல் கையால் தகரத்தை அணைத்துப் பிடித்து, நல்ல கையால் மூடியைத் திறந்து, பச்சைக் குழாயை மஞ்சள் குழாய்களோடு போட்டு மூடினாள்.

"காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டீங்க," என்றாள். "ரொட்டி தட்டுறேன், உக்காருங்க."